ஓரங்க நகைச்சுவை நாடக மாலை: எடின்பரோ ஃபிரிஞ்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1947-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் முதல் சர்வதேசக் கலை விழா நடந்தபோது, எட்டு நாடகக் குழுக்கள் யாரும் அழைக்காமலே வந்து, கிடைத்த இடங்களில் நாடகம் போட்டன. மறு ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற எழுத்தாளர், இவை விழாவின் விளிம்பில் நடப்பவை என்று பத்திரிகையில் குறிப்பிட்டார். ஆங்கிலத்தில் விளிம்பு என்று பொருள்படும் ஃபிரிஞ்ச் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் ஃபிரிஞ்ச் முழுவதற்கும் பொதுவான தேர்வுக் குழு கிடையாது. இடம் கொடுக்க ஓர் அரங்கம் சம்மதித்து, பதிவுக் கட்டணமும் கட்டிவிட்டால் யாரும் மேடையேறலாம். அந்த விழாவில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் தேர்வுக் குழு இல்லாததால், “இது சரியாக வராதே” என்று முன்கூட்டிச் சொல்லவும் ஆள் இல்லை. அதை முதலில் சொல்லப்போவது டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர்தான்.

ஒரு மணி நேரத்தில் நாலைந்து குட்டி நகைச்சுவை நாடகங்கள் என்பது அருமையான யோசனை. ஒன்று பிடிக்காவிட்டாலும் பத்து நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். இப்படிப்பட்ட மாலைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், சிலவற்றில் மேடைப் பொறுப்பும் பார்த்திருக்கிறேன். சறுக்கியவற்றில் பலவும் நாடகம் மோசமாக இருந்ததால் சறுக்கவில்லை. ஒவ்வொரு நாடகத்தையும் தனித்தனியாகத் தயார் செய்துவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தை யாரும் தயார் செய்யாததால் சறுக்கின.

முதலில் நேரக் கணக்கு. ஐந்து நாடகம், ஒவ்வொன்றும் பத்து நிமிடம், மொத்தம் ஐம்பது, இன்னும் பத்து மிச்சம் என்று தாளில் போடுவார்கள். நாற்காலி மேசை மாற்ற நாலு இடைவெளி, ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம் என்றால் அதிலேயே ஆறு நிமிடம் போயிற்று. மக்கள் உள்ளே வந்து உட்கார ஐந்து நிமிடம். ஆக 61 ஆகிவிட்டது, இன்னும் யாரும் சிரிக்கக்கூட இல்லை. நகைச்சுவை நாடகம் நன்றாகப் போனால் நீளும். ஒத்திகையில் பத்து நிமிடம் ஓடியது, அரங்கம் சிரித்தால் பதினொன்றரை நிமிடம் ஓடும். வெற்றிக்கென்று நேரம் ஒதுக்காத குழு, நன்றாக நடந்த நாளில்தான் மாட்டிக்கொள்ளும்.

ஃபிரிஞ்சில் ஒரே அரங்கில் காலையிலிருந்து நள்ளிரவு வரை அடுத்தடுத்து நிகழ்ச்சிகள். நாம் மூட்டை கட்டி வெளியேறவும் அடுத்த குழு உள்ளே வரவும் பெரும்பாலும் கால் மணி நேரம்தான். நேரம் தாண்டினால் பல ஒப்பந்தங்களில் அபராதம் உண்டு. நான் மேடைப் பொறுப்பு பார்த்த முதல் மாலையில், ஐந்தாவது நாடகம் முக்கால்வாசி போயிருக்கும்போது அரங்கத்தார் விளக்கைப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வெளியே அடுத்த காட்சிக்கு வரிசை நின்றது. அந்த நாடகத்தின் முழுப் பலமும் கடைசி வசனத்தில் இருந்தது. எழுதிய பெண் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் இன்னும் மறக்கவில்லை. அறுபது நிமிடம் கிடைத்தால் நாலு நாடகம் போதும். ஒத்திகையில் எல்லாம் சேர்ந்து 45 நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

அப்புறம் இடைவெளி. விளக்கை அணைத்து, இருட்டில் சோபாவை இழுத்துப் போடுவது இந்த வகை மாலைக்குப் பெரிய எதிரி. அரங்கம் சிரித்துச் சூடாக இருக்கும் நேரத்தில் ஒன்றரை நிமிட இருட்டு வந்தால் அந்தச் சூடு முழுக்க இறங்கிவிடும். பக்கத்து ஆளிடம் பேச ஆரம்பிப்பார்கள், போனை எடுப்பார்கள், அடுத்த நாடகம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். நாலு நாடகத்துக்கும் சேர்த்து ஒரு மேசை, மூன்று நாற்காலி என்று முடிவு செய்துவிடுங்கள். மாற்ற வேண்டியதை வெளிச்சத்திலேயே, அடுத்த நாடகத்தின் நடிகர்களே அந்தப் பாத்திரமாக நடந்து வந்து மாற்றட்டும். கோபக்கார மாமனார் நாற்காலியை எப்படித் தூக்குவார்? அங்கேயே அடுத்த நாடகம் தொடங்கிவிடும். இருபது வினாடியில் முடித்துவிடலாம். இதற்கு ஒத்திகை வேண்டும். வசனத்தை நாற்பது தடவை பார்க்கும் குழுக்கள் நாற்காலி மாற்றுவதை ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை.

வரிசையில் செய்யும் தவறு இன்னும் நுணுக்கமானது. ஓர் உதாரணம். ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவின் ‘கரடி’, ‘திருமணக் கோரிக்கை’ இரண்டும் 1888 வாக்கில் எழுதிய ஓரங்க நாடகங்கள். ஒவ்வொன்றிலும் மூன்றே முக்கியப் பாத்திரங்கள், செலவும் குறைவு. அதனால் இரண்டையும் ஒரே மாலையில் போட ஆசை வரும். ‘கரடி’யில், இறந்துபோன கணவன் ஓட்ஸ் வாங்கிய வகையில் வைத்த 1,200 ரூபிள் கடனைக் கேட்டு ஒருவன் விதவை வீட்டுக்கு வருகிறான். சண்டை முற்றித் துப்பாக்கி வரை போய்க் காதலில் முடிகிறது. மற்றதில், பெண் கேட்க வந்தவன் புல்வெளி யாருடையது என்று தொடங்கி, யார் நாய் உசத்தி என்பது வரை சண்டை போட்டுக் கல்யாணத்தில் போய் நிற்கிறான். தனித்தனியே இரண்டும் பொக்கிஷம். அடுத்தடுத்துப் போட்டால், இரண்டாவதில் சண்டை தொடங்கியதுமே இது எங்கே முடியும் என்று அரங்குக்குத் தெரிந்துவிடும். புதிதாக எழுதிய நாடகங்களிலும் இதே கதைதான். நாலு எழுத்தாளர்கள் நாலு கணவன் மனைவி சண்டை எழுதிக் கொடுப்பார்கள். ஒன்று வாய்ச்சண்டை என்றால் அடுத்தது உடல் அசைவை நம்புவதாக இருக்கட்டும், அதற்கடுத்தது கொஞ்சம் அமைதியாக. பலமானதைக் கடைசியிலும், அதற்கு அடுத்த பலமானதை முதலிலும் வையுங்கள். புரிந்துகொள்ள நேரம் கேட்கும் விசித்திரமான நாடகத்தை இரண்டாவதாக வைக்கலாம், அதற்குள் அரங்கம் உங்களை நம்பத் தொடங்கியிருக்கும்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. செகாவ் 1904-இல் இறந்துவிட்டார், மூலம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் நீங்கள் நடிக்கப்போவது ஒரு மொழிபெயர்ப்பை. பிரிட்டனில் பதிப்புரிமை எழுதியவர் இறந்த பிறகும் 70 ஆண்டுகள் நீடிக்கும், மொழிபெயர்ப்பாளருக்கும் அப்படியே. இடைவெளியில் போடும் பாட்டுக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும்.

ஒத்திகைக்கு வருவோம். இருபதாவது ஒத்திகையில் யாரும் சிரிப்பதில்லை. அது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து, வசனத்தோடு முகச்சேட்டையையும் கத்தலையும் சேர்ப்பதுதான் தவறு. நாடகத்தைப் பற்றி எதுவுமே தெரியாத பத்துப் பேரைக் கூப்பிட்டு ஒரு நாள் நடித்துக் காட்டுங்கள். நண்பர்கள் வேண்டாம், அவர்கள் அன்பினால் சிரிப்பார்கள். டைமிங் என்று நாம் சொல்வது அந்த முன்பின் தெரியாதவர்கள் முன்னால்தான் பிடிபடும். சிரிப்பு எழுந்து உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வசனம் வர வேண்டும். முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தால் தொய்வு. சிரிப்புக்கு நடுவே பேசினால் அடுத்த சிரிப்புக்குத் தேவையான தகவலே காதில் விழாது. அதைவிட மோசம், நேற்றுச் சிரித்த இடத்தில் இன்றும் சிரிப்பார்கள் என்று நின்று காத்திருப்பது.

விளம்பரத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்வேன். 2019-இல் ஃபிரிஞ்சில் 3,841 நிகழ்ச்சிகள் நடந்தன. அந்தக் கூட்டத்தில் ‘நாலு சிரிப்பு நாடகங்கள்’ என்ற தலைப்பு யார் கண்ணிலும் படாது. நாலில் ஒன்றின் சிக்கலை எடுத்துத் தலைப்பாக்குங்கள். எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் பிட் நோட்டீஸ் கொடுக்கும்போதும் அந்தச் சிக்கலையே ஒரு வரியில் சொல்லுங்கள். விழாப் பட்டியலில் நகைச்சுவைப் பிரிவில் போடுவதா, நாடகப் பிரிவில் போடுவதா என்ற குழப்பமும் வரும். நகைச்சுவைப் பிரிவில் தனியாளாக மேடையில் நின்று பேசிச் சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட்-அப் கலைஞர்கள் குவிந்திருப்பார்கள், அதைத் தேடி வருபவர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். நான் நாடகப் பிரிவையே சொல்வேன். அங்கே சிரிக்க வைக்கும் ஒரு மாலை தானாகவே தனித்துத் தெரியும்.

ஆள் குறைந்த நாட்கள் கட்டாயம் வரும். ஐம்பது இருக்கையில் பதினைந்து பேர், அவர்களும் ஆளுக்கொரு மூலையில், அதுவும் பின்வரிசையில். சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் ப்ரொவைன், தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர் 30 மடங்கு அதிகம் சிரிப்பதாகக் கண்டார். சிதறி உட்கார்ந்த பதினைந்து பேரும் கிட்டத்தட்டத் தனி ஆட்கள்தான். கதவு திறப்பதற்கு முன்பே பின்வரிசைகளைக் கயிறு கட்டி அடைத்துவிடுங்கள். உட்கார்ந்த பிறகு மேடையிலிருந்து “முன்னால் வாங்க” என்று கெஞ்சினால், கூட்டம் இல்லை என்பதை நாமே அறிவித்தது போல ஆகிவிடும்.

தொடக்கத்தில் டிக்கெட் விலை குறைந்த முன்னோட்ட நாட்கள் உண்டு. வரிசையை மாற்றிப் பார்க்க அவைதான் சமயம், ஆனால் மாற்ற முடியாதபடி நாமே கையைக் கட்டிக்கொண்டிருப்போம். நாடகங்களின் வரிசையை அச்சடித்துக் கொடுத்திருப்போம். எந்த இடத்தில் எந்த விளக்கு மாற வேண்டும் என்ற விளக்குக் குறிப்புகளுக்கு ஒன்று முதல் நாற்பது வரை தொடர்ந்து எண் போட்டிருப்போம். விளக்கு, ஒலி பார்க்க அரங்கத்தில் நமக்குக் கிடைப்பது ஆரம்பத்தில் சில மணி நேரம்தான், மறுபடி உட்கார்ந்து மாற்ற வாய்ப்பு வராது. ஆகவே குறிப்புகளை நாடகவாரியாகப் பிரித்து, அ1, அ2, ஆ1, ஆ2 என்று எண்ணிடுங்கள். இன்றைய வரிசையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் கையால் எழுதி, நடிகர்கள் மேடைக்கு நுழையும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.