மனு கொடுத்தால் போதுமா? மக்கள் பிரதிநிதியிடம் கணக்குக் கேட்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை மாவட்டத்தில் பத்து சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. அவற்றுள் மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு ஆகிய ஆறு மட்டுமே மதுரை மக்களவைத் தொகுதியில் அடங்குபவை. சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனி மக்களவைத் தொகுதியிலும், திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகர் மக்களவைத் தொகுதியிலும் சேர்ந்துள்ளன. ஆகவே திருப்பரங்குன்றம் தொகுதியில் உள்ள திருநகரில் குடியிருக்கும் ஒருவர் மதுரை மாநகராட்சிக்கு வரி கட்டுகிறார், மதுரை ஆட்சியரிடம் மனுக் கொடுக்கிறார், ஆனால் மக்களவையில் அவர் சார்பில் பேசக் கடமைப்பட்டவர் விருதுநகர் உறுப்பினர். இந்த வேறுபாட்டை அறியாமல் எழுதப்படும் கடிதங்கள் ஏராளம். 2019 ஜனவரி 27-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்ட எய்ம்ஸ் மருத்துவமனை மதுரையின் பெயரால் அழைக்கப்பட்டாலும், அது அமையும் தோப்பூர் விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குள் இருக்கிறது. அந்தக் கட்டுமானத்தின் நிலை பற்றி எந்த உறுப்பினரும் அவையில் கேட்கலாம் என்றாலும், தன் தொகுதி விவகாரம் என்ற முறையில் பதில் சொல்லும் பொறுப்பு முதலில் யாருக்கு என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுவது நல்லது. வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் சட்டமன்றத் தொகுதியின் பெயரும், அது எந்த மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். மனு எழுதும் முன் அதை ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

ஆளைச் சரியாகக் கண்டுகொண்டவர்களும் அடுத்துத் தடுமாறுவது அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில்தான். தெருவிளக்கு எரியாததும் சாக்கடை பொங்குவதும் மாநகராட்சியின் நூறு வார்டுகளில் உங்கள் வார்டு கவுன்சிலர் பார்க்க வேண்டியவை. அரசு இராஜாஜி மருத்துவமனையில் மருந்துத் தட்டுப்பாடு, பேருந்து வசதி, ரேஷன் கடை, காவல் நிலையம், பாசன வாய்க்கால் ஆகியவை மாநில அரசைச் சேர்ந்தவை என்பதால் சட்டமன்ற உறுப்பினரிடம் போக வேண்டும். ரயில், விமான நிலையம், தேசிய நெடுஞ்சாலை ஆகியவை ஒன்றிய அரசுக்கு உரியவை. கப்பலூர் சுங்கச்சாவடியைப் பற்றித் திருமங்கலம் மக்கள் பல்லாண்டுகளாகக் குரல் எழுப்பி வருகிறார்கள்; அந்தச் சாவடி தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கீழ் வருவதால், அதை அகற்றும்படி சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதும் மனு, அவர் எவ்வளவு நல்லெண்ணம் கொண்டவராக இருந்தாலும், இன்னொரு கடிதமாக மாறி டெல்லிக்குப் போவதைத் தவிர வேறு பயன் தராது. கிராமங்களின் நிலை இன்னும் சிக்கலானது. மதுரை மாவட்டத்தின் ஊரக உள்ளாட்சிகளில் 2019-ஆம் ஆண்டு இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலங்களில் குடிநீர்க் குழாய் முதல் சுடுகாட்டுப் பாதை வரை எல்லாக் குறைகளும் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் குவிகின்றன. குறைகளோடு சேர்த்து, உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது பற்றி அவையில் என்ன பேசினீர்கள் என்ற கேள்வியையும் அதே உறுப்பினரிடம் வைக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி எழுப்பப்படுவது அரிது.

சில விவகாரங்களில் அதிகாரம் இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கும். மேலூர் அருகே அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க விடப்பட்ட ஏலம் அதற்கு நல்ல சான்று. 2023-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி டங்ஸ்டன் போன்ற கனிமங்களை ஏலம் விடுவது ஒன்றிய அரசு. ஏலத்துக்குப் பின் சுரங்கக் குத்தகையை வழங்க வேண்டியது மாநில அரசு. 2024 நவம்பரில் ஏலச் செய்தி வெளியானதும், இது யாருடைய தவறு என்று இரு தரப்பும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்க, மேலூர் வட்டாரத்து மக்கள் இரண்டு கதவுகளையும் தட்டினார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ஆம் நாள் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. அரிட்டாபட்டியின் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கிவிட்டு எல்லையை மறு ஆய்வு செய்யலாம் என்ற யோசனையை ஒன்றியச் சுரங்க அமைச்சகம் டிசம்பர் இறுதியில் முன்வைத்தபோது, ஏலம் முழுவதுமாக ரத்தாக வேண்டும் என்பதிலிருந்து மக்கள் நகரவில்லை. 2025 ஜனவரி 7-ஆம் நாள் தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் நோக்கிப் பேரணி சென்றார்கள். ஜனவரி 23-ஆம் நாள் ஏலம் ரத்து செய்யப்பட்டதாக அறிவிப்பு வந்தது. கூட்டத்தின் அளவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருந்ததும், அதை ஏற்றார்களா இல்லையா என்று யாராலும் மழுப்ப முடியாத வடிவில் அது இருந்ததும் அதே அளவுக்கு முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

நம்முடைய மனுக்களில் பெரும்பாலானவை தோற்பது இந்த இடத்தில்தான். “எங்கள் பகுதியில் சாலை வசதி, குடிநீர் வசதி, தெருவிளக்கு வசதி இல்லாமல் பொதுமக்கள் மிகவும் சிரமப்படுகிறோம், ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்” என்று எழுதுகிறோம். இதைப் படிப்பவர் ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டு மூன்று அலுவலகங்களுக்கு அனுப்பிவிட்டால் அவருடைய வேலை முடிந்துவிடுகிறது. ஆவன செய்தாரா என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால், செய்தேன் என்று அவர் சொல்வதும் பொய்யாகாது. இந்த மனு ஒரு தயவை வேண்டுகிறது. கணக்குக் கேட்பது வேறு காரியம். அந்தப் பதவியில் இருப்பவர் தம் பதவிக்குரிய வேலையைச் செய்தாரா என்று சரிபார்க்கத் தக்க கேள்வியை அது கேட்க வேண்டும்.

பெரியாறு பாசனத்தை எடுத்துக்கொள்வோம். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் இருபோகப் பாசனப் பகுதி; கள்ளந்திரிக்குக் கீழே மேலூர் பக்கம் பிரதானக் கால்வாயில் 85,563 ஏக்கர் ஒருபோகப் பகுதி. கடைமடையில் இருக்கும் ஓர் ஊர் விவசாயிகள் “எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் விட ஏற்பாடு செய்ய வேண்டும்” என்று மட்டும் எழுதினால், அது ஆண்டுதோறும் வரும் நூறு மனுக்களில் ஒன்றாகிவிடும். அதே விவசாயிகள் கால்வாய் திறக்க அரசாணை வெளியான தேதி, தண்ணீர் தங்கள் மடைக்கு வந்து சேர்ந்த தேதி அல்லது வரவே இல்லை என்ற விவரம், இடையில் எந்தக் கிளைக் கால்வாய் எத்தனையாவது மடைக்கு அருகில் தூர்ந்து கிடக்கிறது, அதை நீர்வளத்துறை உதவிப் பொறியாளரிடம் எந்த நாளில் எழுத்து மூலம் தெரிவித்தோம், அவர் தந்த பதில் என்ன என்பதை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, அதன் கீழ் இரண்டு கேள்விகளை வைக்கட்டும்: நீர்வளத்துறை மானியக் கோரிக்கை விவாதத்தில், அதாவது அத்துறைக்கான நிதி ஒதுக்கீட்டைச் சட்டமன்றம் விவாதிக்கும்போது, இந்தக் கிளைக் கால்வாயைப் பற்றிப் பேசுவீர்களா? இதற்கான மதிப்பீடு தயாராகி எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்பதைக் கேட்டு எங்களுக்கு எழுத்தில் தெரிவிப்பீர்களா? இரண்டுக்கும் ஆம் அல்லது இல்லை என்ற பதில்தான் இருக்க முடியும். அந்தப் பதில் வந்ததா, பதிலின்படி நடந்ததா என்பதை ஊரில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

ஒரே மனுவில் ஊரின் எல்லாக் குறைகளையும் அடுக்குவதும் இதே தவற்றின் இன்னொரு முகம். சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது மக்களிடமிருந்து மனுக்களைக் கேட்டு அறிவிப்பு வெளியிடும். ஒரு மனு ஒரே பிரச்சினையைப் பற்றியதாகவும் ஒரே துறையைச் சார்ந்ததாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நெடுங்காலமாகத் தீராத பொதுப் பிரச்சினைகளையே அது எடுத்துக்கொள்ளும். வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், பட்டா, கடன் போன்ற தனிநபர் கோரிக்கைகளையும் நீதிமன்றத்தில் உள்ளவற்றையும் ஏற்காது. குழு விதித்திருக்கும் அந்த ஒழுங்கை உறுப்பினருக்கு எழுதும் எல்லாக் கடிதங்களுக்கும் நாமே விதித்துக்கொண்டால் நன்மை நமக்குத்தான். இருநூறு பேர் ஒரே வாசகத்தை நகலெடுத்து இருநூறு தாள்களாகக் கொடுப்பதைவிட, ஒரு தெளிவான கடிதத்தில் இருநூறு பேர் பெயர், முகவரியோடு கையெழுத்திடுவது மேலானது.

மனுவை யார் மூலம் கொடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். நம் ஊர்களில் வட்டச் செயலாளரையோ ஒன்றியச் செயலாளரையோ கூட்டிக்கொண்டு, சால்வையும் வாங்கிக்கொண்டு, உறுப்பினர் ஏதாவது திருமணத்துக்கோ காதுகுத்துக்கோ வரும்போது கையில் மனுவைத் திணிப்பது வழக்கமாகிவிட்டது. கூட்டத்தில் கொடுத்த தாள் உதவியாளர் கைக்குப் போய், காரின் பின்னிருக்கையில் கிடந்து, அத்தோடு மறைந்துபோவதற்கே வாய்ப்பு அதிகம். கட்சிக்காரர் வழியாகப் போனால், உரிமையாகக் கேட்க வேண்டியது அவர் செய்துகொடுத்த உதவியாகக் கணக்கில் ஏறுகிறது; பிறகு பதில் வராவிட்டாலும் அவர் முகத்துக்காக வாய்மூடி இருக்க நேர்கிறது. தொகுதி அலுவலகத்துக்கு நேரில் சென்று, கொண்டுபோன நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் பெற்றுக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வசைச் சொற்களும் ஆதாரமில்லாத ஊழல் குற்றச்சாட்டும் மனுவில் வேண்டாம். அவை கேள்வியைத் தட்டிக்கழிக்கக் காரணம் தேடுபவருக்குக் காரணத்தைக் கொடுத்துவிடும்.

எதிர்க்கட்சி உறுப்பினரால் என்ன செய்துவிட முடியும் என்று பேசாமல் இருந்துவிடுவோரும் உண்டு. தொகுதி மேம்பாட்டு நிதி எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும் ஒரே அளவில்தான் ஒதுக்கப்படுகிறது. அவையில் வினா எழுப்பவும், கவன ஈர்ப்புக் கொண்டுவரவும் எதிர் வரிசையில் இருப்பவருக்குக் கூச்சம் குறைவு. நாம் வாக்களிக்காத ஒருவர் வென்றிருந்தாலும் அவர் நம் உறுப்பினர்தான், தயங்காமல் எழுதலாம்.

நிதியைப் பற்றிய தவறான எண்ணங்கள் தனியாகச் சொல்லப்பட வேண்டியவை. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாயும், தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி ரூபாயும் தொகுதி மேம்பாட்டுக்கு ஒதுக்கப்படுகின்றன. இந்தப் பணம் அவர்கள் கையில் தரப்படுவதில்லை. அவர்கள் பணிகளைப் பரிந்துரைக்கிறார்கள், மாவட்ட நிர்வாகம் அனுமதித்துச் செயல்படுத்துகிறது. நிழற்குடையில் உறுப்பினரின் பெயரைப் பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து நன்றி சொல்வதோடு நின்றுவிடுகிறோம். எந்தெந்தப் பணியைப் பரிந்துரைத்தார், எது அனுமதிக்கப்பட்டது, எது பாதியில் நிற்கிறது என்ற பட்டியலை ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையிடமிருந்து 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் யாரும் பெறலாம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய விண்ணப்பம் போதும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தை உறுப்பினரின் பெயருக்கு எழுதுவது தவறு. பதிவேடு இருக்கும் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும்.

காலம் தவறி எழுதுவதாலும் நல்ல மனுக்கள் வீணாகின்றன. மக்களவையில் வினா எழுப்ப உறுப்பினர் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே அறிவிப்புத் தர வேண்டும். எனவே பட்ஜெட், மழைக்கால, குளிர்காலக் கூட்டத்தொடர்கள் தொடங்குவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே உங்கள் கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும். சட்டமன்றத்தில் வழக்கமாக நிதிநிலை அறிக்கைக்குப் பின் துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் விவாதிக்கப்படும். துறை வரும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால் அதற்கேற்ப எழுதலாம். தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் அமலுக்கு வந்தபின் புதிய பணிகளுக்கு அனுமதி கிடைக்காது. பிரசார வாகனத்தை மறித்துக் கொடுக்கும் மனு அந்த நேரத்தில் ஒரு வாக்குறுதியைப் பெற்றுத் தரலாமே தவிர வேறெதையும் பெற்றுத் தராது.

பதில் வந்ததும் அத்துடன் விட்டுவிடுவது பலரும் உணராத தவறு. நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் தரும் விடைகள் அதன் இணையதளத்தில் எல்லோரும் படிக்கக் கிடைக்கின்றன. “பரிசீலனையில் உள்ளது”, “விவரங்கள் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்” என்ற வாசகங்களை வழக்கமான சமாளிப்பு என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் இத்தகைய வாசகங்கள் அவைக்கு அளித்த உறுதிமொழியாகக் கொள்ளப்படும். மக்களவையில் அவற்றை மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. அவற்றைக் கண்காணிக்கவே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றத்திலும் அதே பெயரில் ஒரு குழு உண்டு. எந்த நாளில், எந்த எண்ணுள்ள வினாவுக்கு, எந்த அமைச்சர் என்ன சொன்னார் என்பதைக் குறிப்பிட்டு, காலம் கடந்தும் நிறைவேறாததை அந்தக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுசெல்வீர்களா என்று உங்கள் உறுப்பினருக்கு அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.