அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் தவறுகள்

போன வாரம் ஒரு ஜூனியர் தன் முதல் கொலை வழக்கின் சாட்சியக் கட்டைக் கொண்டுவந்து காட்டினார். நேரில் பார்த்த சாட்சி போலீஸில் ஒன்று சொல்லியிருக்கிறார், கூண்டில் நேர்மாறாகச் சொல்லியிருக்கிறார். "நல்லா குறுக்கு விசாரணை பண்ணியிருக்கீங்க. இதை இன்ஸ்பெக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்றேன். "அதான் சாட்சியே மாட்டிக்கிட்டாரே சார்" என்றார். இருபது வருடத்துக்கு முன்னால் நான் என் சீனியரிடம் சொன்ன அதே பதில்.

குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் நாம் விசாரணையில் செய்யும் தவறுகளில், தேதியைத் தவறவிடுவது, நகல் மனு போட மறப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முரண்பாட்டைப் பாதியில் விடுவது

போலீஸ் எழுதிய வாக்குமூலம் தானாகச் சாட்சியம் ஆகாது. நமக்கு அது பயன்படுவது சாட்சியின் முரண்பாட்டைக் காட்ட மட்டும்தான். அந்த வரியைச் சாட்சிக்குக் காட்டிக் கேட்க வேண்டும். "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று மறுத்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அதை எழுதிய அதிகாரி கூண்டேறும்போது, "சாட்சி உங்களிடம் இப்படிச் சொன்னாரா?" என்று கேட்டு, "ஆமாம்" என்ற பதிலைப் பதிவில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் முரண்பாடு நிரூபணம் ஆகும். 2015-இல் வி.கே. மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முறையைப் படிப்படியாக எழுதியே வைத்திருக்கிறது.

என் வழக்கில், "இருட்டில் முகம் தெரியவில்லை" என்று போலீஸில் சொன்னவர், தெருவிளக்கு வெளிச்சத்தில் எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்த்ததாகக் கூண்டில் சொன்னார். அவரை மடக்கினேன், உட்கார்ந்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் வந்தபோது வேறு எதையெல்லாமோ கேட்டேன், இதைக் கேட்கவில்லை. ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றத்தில் சீனியர் இந்த இடத்தைத் தொட்டதும் நீதிபதி கேட்டது ஒரே கேள்வி: "அதிகாரியின் பதில் எங்கே?" வழக்குக் கட்டுக்குள் அது இல்லை. கடைசியில் வேறொரு காரணத்தால் எதிரி விடுதலையானார். அதற்குள் ஆறு வருடம் போய்விட்டது. அவர் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

எதிரியிடம் நீதிபதி கேட்கும் கேள்விகள்

எல்லாவற்றுக்கும் "பொய்" என்று மட்டும் சொல்ல வைக்காதீர்கள்.

போலீஸ் காவலில் எதிரி தந்த வாக்குமூலம் முழுதாகச் சான்றாவணமாகக் குறியிடப்படும்போது சும்மா இருப்பது

எழுந்து ஆட்சேபியுங்கள். பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டும்தான் உள்ளே வரலாம். 1946-இல் புலுகுரி கோட்டையா வழக்கிலேயே தீர்ந்த விஷயம் இது.

போலீஸ் பின்தொடராத தடயத்தைத் தேடாமல் விடுவது

மகாராஷ்டிரத்தில் ஒரு கொலை வழக்கில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கும் 2009-இல் உச்ச நீதிமன்றமே தூக்கு என்று தீர்ப்பளித்தது. 2019-இல் அதே நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது. உயிர் தப்பிய சாட்சி, போலீஸ் காட்டிய படங்களில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தார். புலனாய்வு அந்த நால்வர் பக்கம் போகவே இல்லை. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னார்கள். பதினாறு வருடச் சிறைக்கு! இழப்பீட்டுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018-இல் தன் 277-ஆவது அறிக்கையில் சொன்னது, அப்படியே கிடக்கிறது.

வாய்தா

சிறைக்குள் ஒருவர் இருக்கிறார். கேட்காதீர்கள்.

அப்புறம், அந்த ஜூனியரின் வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. இன்ஸ்பெக்டரைத் திரும்ப அழைக்க அன்று இரவே உட்கார்ந்து மனு தயாரித்தோம். நீதிபதி அனுமதித்துவிட்டார். திங்கட்கிழமை கூண்டேறுகிறார். கேட்க வேண்டிய கேள்வியை ஜூனியர் தன் கைப்பட எழுதி, கட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.