உயரம் சொல்லும்போது, கேட்கும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக மைக் பிடிக்கும் பைலட்டும், தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலரும் எண்களில் தடுமாறுவார்கள். பழகினால் அது சரியாகிவிடும். பழகப் பழகக் கூடுகிற தவறுகள்தான் ஆபத்து.

வெறும் எண்ணைச் சொல்வது

1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது ஃப்ளையிங் டைகர் 66, போயிங் 747 சரக்கு விமானம். 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல நினைத்த கன்ட்ரோலர், "டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ" என்றார். முதலில் வந்த 'டூ' எண்ணாகக் காதில் விழவில்லை; 'டு' (to) என்றே விழுந்தது. "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று பதில் வந்தது. 2,000 அடி காணாமல்போன அந்தப் பதிலைக் கன்ட்ரோலர் திருத்தவில்லை. தரை நெருங்குவதாக எச்சரிக்கைக் கருவி ஒலித்தும் விமானம் மேலே இழுக்கப்படவில்லை. மலைச்சரிவில் மோதி, உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் எண்ணை மட்டும் சொல்லும் பழக்கம் தொடர்வதைப் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. சொல்ல வேண்டியது: "டிசெண்ட் டு ஆல்டிட்யூட் டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்". நடுவே 'ஆல்டிட்யூட்' நிற்பதால் 'டு' எண்ணோடு ஒட்டாது. தௌசண்ட், ஹண்ட்ரட் இருப்பதால் ஓர் இலக்கம் நழுவினாலும் உடனே தெரியும்.

பைலட் அதை முழுமையாக, கால்சைனோடு (ரேடியோவில் அந்த விமானத்தை அழைக்கும் பெயரோடு) திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஓகே', 'ராஜர்' (கேட்டுக்கொண்டேன்) போதாது. கிடைத்த உயரம் அப்ரோச் சார்ட்டில் (தரையிறங்கும் பாதையின் வரைபடத்தில்) அந்த இடத்துக்குரிய குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே இருந்தால், இறங்கும் முன் கேளுங்கள்.

கன்ட்ரோலருக்கு: ரீட்பேக் (பைலட் திருப்பிச் சொல்வது) முடியும்வரை அடுத்த விமானத்தின் விவரம் உள்ள ஸ்ட்ரிப்பைத் தொடாதீர்கள். தான் சொன்னதையே திரும்பக் கேட்பதாக நினைத்துக்கொள்ளும் காது நம்முடையது.

அழுத்தத்தின் அலகை விடுவது

க்யூஎன்ஹெச் (ஆல்டிமீட்டர் என்ற உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்தம்) 992 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். "நைன் நைன் டூ" என்று மட்டும் சொன்னால், முதல் 2-ஐ விட்டுச் சொல்லும் பாதரச அங்குலக் கணக்கில் பழகிய பைலட் 29.92 அங்குலம் என்று வைத்துவிடுவார். அது 1013 ஹெக்டோபாஸ்கல். வித்தியாசம் 21, ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 28 அடி. ஆல்டிமீட்டர் காட்டுவதைவிட விமானம் ஏறக்குறைய 600 அடி தாழப் பறக்கும். மழைமேகத்துக்குள் அதைக் கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. மதிப்பு 1000-க்குக் கீழே இருந்தால் அலகையும் சொல்லியே ஆக வேண்டும்.

ஒருவர் கேட்டு, இன்னொருவர் ஓட்டுவது

1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்கி தாத்ரி. கஜகஸ்தானின் இல்யூஷின் 76-க்கு அனுமதித்த உயரம் 15,000 அடி. கன்ட்ரோலரோடு பேசியவர் ரேடியோ ஆபரேட்டர், ஓட்டியவர்கள் வேறு. 14,000 அடியில் எதிரே வந்த சவூதியா 747-இன் உயரத்துக்கு அது இறங்கிவிட்டது. 349 பேர் இறந்தார்கள். ஆகவே, உயரத்தை செலக்டரில் (உயரம் அமைக்கும் குமிழில்) வைப்பவர் ஒருவர் என்றால், மற்றவர் அதை விரலால் காட்டி உரக்கப் படிக்க வேண்டும். இருவரும் கேட்டது வேறுபட்டால் கன்ட்ரோலரிடமே கேளுங்கள். உங்களுக்குள் முடிவு செய்யாதீர்கள்.

கால்சைன் இல்லாத ரீட்பேக்

ஏற்காதீர்கள்.

டிகாஸ் ஏறச் சொல்லும்போது கன்ட்ரோலர் இறங்கச் சொன்னால்

டிகாஸ் (விமானங்கள் மோதாமல் தடுக்க எச்சரிக்கும் கருவி) சொல்வதைச் செய்யுங்கள். "டிகாஸ் ஆர்ஏ" (கருவி ஏறவோ இறங்கவோ சொல்கிறது) என்று அறிவியுங்கள். அதைக் கேட்ட கன்ட்ரோலர், மோதும் ஆபத்து நீங்கிவிட்டதாகப் பைலட் சொல்லும்வரை விமானத்தின் பாதையை மாற்றச் சொல்லக் கூடாது.