உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும் ஊரில் நில்லுங்கள்

பரிசுத்த வாரத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போகிற எங்கள் ஆக்கள் பலர், உயிர்த்த ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெட்டி கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். குருத்தோலை, பெரிய வியாழன் பாதம் கழுவுதல், பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதை, சனி இரவுப் பூசை, வெடிச்சத்தம் எல்லாம் பார்த்தாயிற்று, இனி என்ன இருக்கிறது என்ற நினைப்பு. ஒரு வருடம் மலிவான திரும்பு பயணச்சீட்டு மூன்று கிழமை தள்ளித்தான் கிடைத்தது. அந்த மூன்று கிழமையில்தான் எங்கள் பங்கு, அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த சனம், எப்படி வாழ்கிறது என்று கண்டேன். பரிசுத்த வாரத்தில் கோயில் நிறையச் சனம் இருக்கும், யாரோடும் ஆறுதலாகக் கதைக்க முடியாது. அதற்குப் பிறகு வரும் சாதாரணக் கிழமைகளில் ஊர் உங்களோடு கதைக்கும். அதனால் இந்த வழிகாட்டியை அந்த நாட்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் திகதிகள். பாஸ்கா காலம் உயிர்த்த ஞாயிறிலிருந்து தூய ஆவியார் பெருவிழா வரை 50 நாள். 2027இல் உயிர்ப்பு மார்ச் 28, தூய ஆவியார் பெருவிழா மே 16. 2028இல் ஏப்ரல் 16, யூன் 4. ஏப்ரல் 13, 14 புத்தாண்டு விடுமுறையும் இந்த நாட்களை ஒட்டி வருவதால் கொழும்பு யாழ்ப்பாணம் ரயிலும் பஸ்ஸும் நிரம்பி வழியும். ரயிலில் இருக்கை வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்பே பதிந்துவிடுங்கள். பெரிய வெள்ளி இலங்கையில் பொது விடுமுறை. உயிர்ப்புக்கு அடுத்த திங்கள் அப்படியில்லை. ஐரோப்பாவில் வளர்ந்த பிள்ளைகள் அன்றைக்கும் விடுமுறை என்று நினைப்பார்கள், முன்னரே சொல்லி வையுங்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் நீர்கொழும்பு பக்கத்திலேயே இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டு வெடித்த கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம் அங்கேதான். அதே காலையில் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயமும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் தாக்கப்பட்டன, ஹோட்டல்களும்தான். 260க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். யாழ்ப்பாணம் போகும் அவசரத்தில் இருந்தாலும் அரை மணித்தியாலம் ஒதுக்கிக் கட்டுவாப்பிட்டியவில் முழந்தாளிட்டுவிட்டுப் போங்கள். இரத்தம் தெறித்த ஆண்டவரின் சொரூபத்தை அப்படியே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 21 நீங்கள் நாட்டில் இருக்கும்போது வந்தால், எந்த ஊரில் நின்றாலும் காலை 8.45க்குக் கோயிலில் இருக்கப் பாருங்கள். முதல் குண்டு வெடித்த நேரம் அது. அந்த நாளுக்குப் பிறகு பெருநாட்களில் வாசலில் பைகளைச் சோதிப்பதும், பொலிஸார் நிற்பதும் வழக்கமாகிவிட்டது. முதுகுப் பையை வீட்டில் விட்டுவிட்டு, செபப் புத்தகமும் செபமாலையும் மட்டும் கொண்டுபோனால் உங்களுக்கும் அவர்களுக்கும் சுகம்.

சரி, ஊர் வந்துவிட்டது. மரியன்னை பேராலயமாக இருக்கட்டும், குருநகர், பாஷையூர், நாவாந்துறை, இளவாலை, சில்லாலை, ஊர்காவற்றுறை எதுவாக இருக்கட்டும், நாள் தொடங்குவது விடியற்காலை மணியோடு. கிழமை நாள் பூசை பெரும்பாலும் விடிய வெயில் ஏறுமுன்னரே முடிந்துவிடும். நேரம் பங்குக்குப் பங்கு மாறும் என்பதால் வந்த அன்றைக்கே கோயில் அறிவித்தல் பலகையைப் பாருங்கள், அல்லது கோயிலைத் திறந்து மணி அடிக்கிறவரைக் கேளுங்கள். பயணக் களைப்பில் நேரம் குழம்பி நாலு மணிக்கே விழித்துக் கிடப்பீர்கள். அதை நல்லதாக்கிக்கொண்டு எழும்பிப் போங்கள். பத்து முப்பது பேர்தான் இருப்பார்கள்: முட்டாக்குப் போட்ட ஆச்சிமார், வேலைக்குப் போகும் வழியில் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்த ஒருவர், கன்னியர் மடத்து சிஸ்டர்மார், பள்ளிக்கூடச் சட்டையோடு இரண்டு பீடப் பணியாளர்கள். உங்கள் அம்மம்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவர் அவர்களுக்குள் இருப்பார். பூசை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது "நீர் ஆற்ற பிள்ளை?" என்று, யாருடைய பிள்ளை என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஆறுதலாகப் பதில் சொல்லுங்கள். என் தாத்தா எந்த வீட்டுக் கிணற்றடியில் செபம் சொல்லிக் கொடுத்தார் என்பதை அப்படித்தான் எனக்கு ஒருவர் காட்டினார்.

பூசையில் சில வித்தியாசங்களைக் கவனிப்பீர்கள். குருவானவரின் உடுப்பு வெள்ளை. பீடத்தருகே உயரமான பாஸ்கா திரி 50 நாளும் எரியும். முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து வராது, திருத்தூதர் பணிகளிலிருந்து வரும். பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்த சீடர்கள் தெருவுக்கு வந்த கதையை ஒவ்வொரு விடியலிலும் துண்டு துண்டாகக் கேட்பது, போர் பார்த்த ஊரில் வேறு மாதிரி ஒலிக்கிறது. திரிகாலச் செபத்துக்குப் பதிலாக "விண்ணக அரசியே மனம் களிகூரும், அல்லேலூயா" சொல்வார்கள். அதற்கு முழந்தாளிடுவதில்லை, நின்று சொல்வார்கள். வெளிநாட்டில் எங்கள் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் தெரியாது. விமானத்திலேயே சொல்லிக் கொடுத்துக்கொண்டு வாருங்கள், ஐந்து நிமிட வேலை.

கிழமைக்கு ஒரு தாளம் இருக்கிறது. செவ்வாய் புனித அந்தோனியாருக்கு. பாஷையூரில் மட்டுமில்லை, அந்தோனியார் சொரூபம் இருக்கும் எந்தக் கோயிலிலும் அன்றைக்கு மெழுகுதிரி கூடுதலாக எரியும். சைவ வீட்டுச் சனமும் வரும், யாரும் அதை விசித்திரமாகப் பார்ப்பதில்லை. புதன் சதா சகாய மாதா நவநாள். மாதத்தின் முதல் வெள்ளி திரு இருதயத்துக்கு. அன்று நற்கருணையை நோயாளிகளின் வீடுகளுக்கு எடுத்துச் செல்வார்கள். உங்கள் வீட்டில் படுத்த படுக்கையாய் யாராவது இருந்தால் முதல் நாளே சொல்லி வையுங்கள், மேசையில் வெள்ளைத் துணியும் இரண்டு திரியும் வைத்துக் காத்திருங்கள். பின்னேரங்களில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் வீடு வீடாக நடக்கும். அழைக்காமலே போகலாம். சுவர் ஓரம் பாயில் இருந்து வேதாகமம் வாசித்து, யாருடைய மகளுக்கு வேலை இல்லை, யாருக்குக் கால் வீக்கம் என்று மன்றாடி, தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழும்புவார்கள். மே பிறந்தால் மாதா வணக்க மாதம். ஒவ்வொரு நாளும் செபமாலை இருக்கும்.

ஞாயிறு வேறு உலகம். கத்தோலிக்க மீன்பிடிக் கிராமங்களில் அன்றைக்கு வள்ளங்கள் கரையில் நிற்கும், வலை காயும். ஞாயிறு காலை மீன் வாங்கலாம் என்று கடற்கரைக்குப் போய் வெறுங்கையோடு வராதீர்கள். பூசைக்குப் பிறகு மறைக்கல்வி வகுப்பு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வையுங்கள். என் மகள் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பவள். முதல் ஞாயிறு அழுதாள், இரண்டாம் ஞாயிறு பக்கத்துப் பிள்ளையோடு பாட்டுக்குக் கைதட்டினாள். உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு இறை இரக்க ஞாயிறு, பாஸ்கா காலத்தின் நாலாவது ஞாயிறு நல்லாயன் ஞாயிறு. நல்லாயன் ஞாயிறில் இறையழைத்தலுக்காகச் செபிப்பார்கள்.

இப்போது நிறையப் பேர் தடுமாறும் விடயம்: பூசை ஒப்புக்கொடுப்பது. இறந்த அப்பாவுக்கோ, வீட்டாரின் நலத்துக்கோ ஒரு பூசை கொடுக்க விரும்பினால் வந்த முதல் கிழமையே பங்கு அலுவலகத்துக்குப் போங்கள். ஞாயிறில் ஒரு பூசையைப் பங்குத்தந்தை தன் பங்கு மக்கள் அனைவருக்காகவும் ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அதனால் "எனக்கு இந்த ஞாயிறுதான் வேண்டும்" என்று நிற்காதீர்கள். கிழமை நாளைக் கேளுங்கள், விடியற்காலைப் பூசையில் அப்பாவின் பேர் சொல்லி வாசிக்கும்போது ஆச்சிமார் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அவரை அவர்களுக்குத் தெரியும். காணிக்கையைக் கடித உறைக்குள் வைத்து, பேரையும் கருத்தையும் தெளிவாகத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

தவக்காலத்தில் கலியாணம் வைப்பதில்லை என்பதால் உயிர்ப்புக்குப் பிறகு கலியாணங்களும் ஞானஸ்நானங்களும் வரிசையாக வரும். நீங்கள் தாயகத்தில் திருமணம் செய்யப் போவதென்றால் மாதக்கணக்கில் முன்பே தொடங்குங்கள். ஆறு மாதத்துக்குள் எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ், நீங்கள் வசிக்கும் நாட்டுப் பங்கிலிருந்து தடையில்லை என்ற கடிதம் இரண்டும் வேண்டும். ஞானப்பெற்றோராக நிற்பவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். "மாமா ஆசைப்படுகிறார்" என்பது போதாது. பழைய பதிவேட்டில் பாட்டன் பூட்டன் பேர் தேடுகிறவர்கள், ஏறத்தாழ வருடமும் பங்கின் பெயரும் எழுதிக்கொண்டு போங்கள். இடப்பெயர்வுகளில் சில பங்குகளின் ஏடுகள் தொலைந்தும் எரிந்தும் போயின. கிடைக்கவில்லை என்றால் அலுவலகத்தில் இருப்பவரோடு சண்டை பிடிக்காதீர்கள், அவரும் ஏதோவொரு ஏட்டில் தன் பேரைத் தொலைத்தவராக இருக்கக்கூடும்.

வீடு மந்திரிப்பது, அதாவது ஆசீர்வதிப்பது, இந்தக் காலத்துக்குரிய அழகான காரியம். உயிர்ப்புக்கு முந்திய சனி இரவுத் திருவிழிப்பில் மந்திரித்த தண்ணீரைப் பங்குத்தந்தை அறை அறையாகத் தெளித்துச் செபிப்பார். பல வருடம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து தங்குகிறீர்கள் என்றால் கட்டாயம் கேளுங்கள். கூட்டித் துடைத்த வீடு, ஒரு மெழுகுதிரி, பக்கத்து வீட்டார் நாலு பேர் போதும். விருந்து வேண்டாம். பங்குத்தந்தையை "ஃபாதர்" என்றே கூப்பிடலாம். வயதானவர்கள் இன்னமும் "சுவாமி" என்பார்கள். நீங்கள் போனமுறை பழகியவர் மாற்றலாகிப் போயிருக்கலாம். புதியவரிடம் பழையவரைப் புகழ்ந்துகொண்டிருக்காமல், உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்.

சேமக்காலைக்கு, அதாவது கல்லறைத் தோட்டத்துக்கு, நேரம் ஒதுக்குங்கள். கல்லறை இருக்கும் இடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்பாதீர்கள். ஊரில் நிற்கும் ஒருவரைக் கூட்டிப் போங்கள், பற்றை வெட்டக் கத்தியும் கொண்டுபோங்கள். மே 18ஆம் திகதி பல ஆண்டுகளில் பாஸ்கா காலத்துக்குள்ளேயே வருகிறது. அல்லேலூயா பாடும் கோயில்களில் அன்று 2009இல் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக மன்றாடுவார்கள், கஞ்சி கொடுப்பார்கள். கறி இல்லாமல், சிரட்டையில் வாங்கிக் குடிக்கும் அந்தக் கஞ்சியைப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். என்ன என்று கேட்டால் சொல்லுங்கள். அங்கே கமராவை வெளியே எடுக்காதீர்கள்.

ஒரு நாள் சில்லாலைக்குப் போய்வாருங்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க மதம் தடைசெய்யப்பட்டிருந்தபோது, 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேப் வாஸ் அடிகளை மறைத்து வைத்துக் காப்பாற்றிய ஊர் அது. இரவில் பூசை, விடிவதற்குள் கலைந்து போவது என்று சனம் விசுவாசத்தைக் காத்தது. 2015 யனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார், அன்றைக்கே மடு மாதா கோயிலுக்கும் வந்தார். நாங்கள் பகலில் கதவு திறந்து பூசை காண்பதற்குப் பின்னால் அந்த ஊர்ச் சனத்தின் துணிவு இருக்கிறது.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாக: ஏப்ரல், மே வெயில் கொடுமை, பருத்தி உடுங்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள். ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் இருந்தால் அப்படியே இருங்கள். நற்கருணைக்கு ஒரு மணித்தியாலம் முன்பு சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்பது தெரிந்ததுதான். நாவில் வாங்குவதா கையில் வாங்குவதா என்பதை முன்னால் போகிறவரைப் பார்த்துச் செய்யுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்யாமல் வருடங்கள் போயிருந்தால், பூசைக்கு அரை மணித்தியாலம் முன்னதாகப் போய்க் கேளுங்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள். தாய்மொழியில் பாவத்தைச் சொல்லும்போது ஒளிக்க இடமில்லை.

காசு கொடுக்க ஆசைப்படுவீர்கள். கொடுங்கள். ஆனால் தனியாளின் கையில் வேண்டாம். பங்குத்தந்தையிடமும் பங்குச் சபையிடமும் என்ன தேவை என்று கேட்டு, பற்றுச்சீட்டோடு கொடுங்கள். ஒருமுறை எங்கள் ஆக்கள் சேர்ந்து ஒரு கோயிலுக்குப் பெரிய ஒலிபெருக்கித் தொகுதி வாங்கிக் கொடுத்தோம். அங்கே மறைக்கல்வி வகுப்புக்குக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், நாங்கள் கேட்கவில்லை.

புறப்படும் கிழமை, திருவிழிப்பில் மந்திரித்த தீர்த்தம் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். பெரிய பாத்திரத்தில் அதற்கென்றே வைத்திருப்பார்கள். சிறு பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி, மூடியை நாடா ஒட்டி இறுக்கி, பொலித்தீன் பையில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள்.