பழைய பென்ஸில் பிறேக் லைட் எச்சரிக்கை: எங்கே பார்ப்பது

டபிள்யூ 124 மொடல் பென்ஸில் பிறேக்கை மிதித்ததும் மீற்றரில் பல்ப் எச்சரிக்கை வந்து, எஞ்சினை நிறுத்தும் வரை அணையாமல் நின்றால், பின் பிறேக் லைட்டில் பிழை என்று அர்த்தம். ஒருவரை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு லைட்டும் எரியவில்லையென்றால் முதலில் ஃபியூஸ், அடுத்தது பெடலுக்கு மேலுள்ள சுவிட்ச்.

எல்லாம் எரிந்தும் எச்சரிக்கை வருகிறதா? இங்கேதான் பலர் ஏமாந்து அந்த எச்சரிக்கையைக் கொடுக்கும் ரிலேயை மாற்றுகிறார்கள். அந்த ரிலே இடம் வலம் இரண்டிலும் ஓடும் மின்னோட்டத்தை ஒப்பிடுகிறது. சிறு வித்தியாசமே போதும். ஆகவே 12 வோல்ற் 21 வாட் பல்ப் இரண்டையும் ஒரே கம்பனியில், சோடியாக மாற்றுங்கள். எல்ஈடி பல்ப் வேண்டாம். அது இழுக்கும் கரண்ட் குறைவு என்பதால் பல்ப் செத்துவிட்டதாகவே ரிலே கணக்கெடுக்கும்.

பிறகும் போகாவிட்டால் டிக்கிக்குள் பல்ப் ஹோல்டரைக் கழற்றுங்கள். காரைநகர், பருத்தித்துறைப் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் கார்களில் பித்தளைத் தகடு பச்சை பூத்திருக்கும். மெல்லிய மணல்தாளால் பளபளக்கும் வரை தேய்த்து, கொன்ராக்ட் கிளீனர் அடித்து, தகட்டைச் சற்று நிமிர்த்திவிடுங்கள். மண்ணிற வயர்தான் ஏர்த், அதாவது கரண்ட் கார் பொடிக்குத் திரும்பும் வழி. பிறேக்கை மிதித்தபடி அதற்கும் பொடிக்கும் இடையே மல்ரிமீற்றர் 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்குங்கள். மாரியில் டிக்கி றப்பரால் தண்ணீர் இறங்குகிறதா என்றும் பாருங்கள். இறங்கினால் அடுத்த மழைக்கே பச்சை திரும்பப் பிடிக்கும்.