பாலிமர் அடிப்பிடித்தால் தீயைக் கூட்டாதீர்கள்

கேழ்வரகுக் கூழ் காய்ச்சியவர்களுக்குத் தெரியும்: மேலே கூழ் இன்னும் கொதித்திருக்காது, அடியில் தீய்ந்த வாடை வந்துவிடும். எண்ணெய் வயலில் கச்சா எண்ணெயைச் சூடாக்கி நீரைப் பிரிக்கும் ஹீட்டர் ட்ரீட்டரிலும் இதே கதைதான். கெட்டி எண்ணெயைத் தள்ளுவதற்காகப் பூமிக்குள் செலுத்தும் நீரில் பாலிஅக்ரிலமைடு வகைப் பாலிமரை, அதாவது நீரைக் கெட்டியாக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை, கலக்கிறார்கள். ஓமானின் மர்முல் வயலில் 2010 முதல் இது பெரிய அளவில் நடக்கிறது; அலாஸ்காவின் மில்ன் பாயின்ட்டில் 2018இல் தொடங்கினார்கள். உள்ளே போன பாலிமர் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ எண்ணெயோடு வரும் நீரில் வெளியே வரும். நம் தலைவலி அன்றுதான் ஆரம்பம்.

பாலைவனத்தில் நான் ஷிஃப்ட் பார்த்த ஒரு நிலையத்தில், வெளியேறும் எண்ணெயில் நீர் அரை சதவீதத்தைத் தாண்டியது. பழக்கதோஷத்தில் சூட்டைப் பத்து டிகிரி ஏற்றினேன். இரண்டு நாள் சரியாக இருந்தது. பிறகு எண்ணெயின் சூடு ஏறவில்லை, எரிவாயுச் செலவு ஏறியது, புகைபோக்கியின் வெப்பநிலையும் ஏறியது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வேறு சந்தேகமே வேண்டாம்: ஹீட்டருக்குள் தீ எரியும் குழாயான ஃபயர் டியூபின் மேல் ஏதோ படிந்துவிட்டது, வெப்பம் எண்ணெய்க்குப் போகாமல் புகையோடு போகிறது. திறந்து பார்த்தபோது குழாயைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்குப் பழுப்பு ரப்பர் போர்வை. குழாயை ஒட்டிய பக்கம் கரி. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் குழாயே வீங்கி வெடித்திருக்கும்.

எனவே முதல் வேலை, சூட்டைக் கூட்டும் கையைக் கட்டிப்போடுவது. எண்ணெய் 70 டிகிரியில் இருக்கலாம். தீ எரியும் குழாயின் தோல் அதைவிடப் பல பத்து டிகிரி அதிகம் காயும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் பாலிமர் கரைந்திருக்க முடியாமல் நீர் கலங்கும். பாலிமர் பிரிந்து சூடான சுவரில் ஒட்டும். நீரில் கால்சியம் அதிகமென்றால் அந்த வெப்பநிலை இன்னும் கீழே இறங்கும். உங்கள் வயல் நீரையே அழுத்தம் தாங்கும் கண்ணாடிக் குழாயில் அடைத்து, படிப்படியாகச் சூடாக்கி, எங்கே கலங்குகிறது என்று ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். குழாயின் தோல் அந்த எண்ணுக்குக் கீழேயே இருக்க வேண்டும். ஒரு பர்னரை முழுத்தீயில் விரட்டுவதைவிட இரண்டைச் சிறு தீயில் எரிப்பது நல்லது.

அடுத்தது, ஹீட்டருக்கு முன்பே நீரை முடிந்த மட்டும் வடிப்பது. பாலிமர் இருப்பது எண்ணெயில் அல்ல, நீரில். நீர் குறைந்தால் அடிப்பிடிக்கும் சரக்கும் குறையும்.

ரசாயனங்களிலும் கண் வையுங்கள். இந்தப் பாலிமர் எதிர் மின்னேற்றம் கொண்டது. நீரைத் தெளிய வைக்க ஊற்றும் மருந்துகள் பல நேர் மின்னேற்றம் கொண்டவை. இரண்டும் சந்தித்தால் சளி போன்ற கட்டி உருவாகி ஸ்ட்ரெய்னர் என்ற சல்லடை வடிகட்டியை அடைக்கும். மருந்தைச் சாதாரண நீரில் சோதித்துக்காட்டும் விற்பனையாளரை நம்பாதீர்கள். பாலிமர் கலந்த உங்கள் நீரில், உங்கள் சூட்டில் பாட்டில் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

படிந்துவிட்டதைக் கழுவுவதில்தான் நாங்கள் அதிகம் அசடு வழிந்தோம். சுண்ணாம்புப் படிவு என்று நினைத்து நேராக அமிலத்தை விட்டோம். சுண்ணாம்பு கரைந்தது, பாலிமர் அமிலத்தில் சுருங்கி, பதனிட்ட தோல் மாதிரி இறுகிவிட்டது. கடைசியில் உயரழுத்த நீர் பீய்ச்சிக் கையால் சுரண்டினோம். முதலில் படிவின் ஒரு துண்டை ஆய்வகத்தில் சோதித்திருந்தால் போதும்: சைலீன் என்ற கரைப்பானில் எண்ணெயைக் கழுவுங்கள், பிறகு நீர்த்த அமிலம் விடுங்கள், நுரைத்தால் கார்பனேட். அமிலத்துக்குப் பிறகும் ரப்பராக மிஞ்சுவது பெரும்பாலும் பாலிமர். இதை ஆய்வகத்தில் நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள் (ஃப்யூம் ஹுட்) மட்டுமே செய்ய வேண்டும். படிவில் இரும்பு சல்ஃபைடு இருந்தால் அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், அது ஆளைக் கொல்லும்.

பெரிய அளவில் கழுவும் வரிசை: எண்ணெயைக் கரைப்பானால் அகற்றி முழுவதும் வடித்தல், பாலிமர்ச் சங்கிலியை அறுக்கும் ஆக்சிஜனேற்றி, உதாரணமாக சோடியம் ஹைப்போகுளோரைட், நன்றாக நீர் அலசல், தேவைப்பட்டால் கடைசியில் அமிலம். ஹைப்போகுளோரைட்டும் அமிலமும் சந்தித்தால் குளோரின் வாயு. எண்ணெய் மிச்சமிருக்கும்போது ஆக்சிஜனேற்றியை விட்டால் தீப்பிடிக்கலாம். பாதுகாப்புத் துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் வால்வைத் தொடாதீர்கள்.

திறந்த அன்று எடுத்த கட்டியில் ஒரு துண்டை மூடிய பாட்டிலில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை புது மருந்தோடு யாராவது வந்தால், பேச விடும் முன் அந்தப் பாட்டிலை மேசைமேல் வையுங்கள்.