'சேதாரம் இல்லை' என்ற விளம்பரத்தைப் பார்த்தால்

நகைக்கடையில் பல ஆண்டுகள் பில் எழுதியவள் நான். நகை செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கென்று கடை வாங்கும் தொகைதான் சேதாரம். 'சேதாரம் இல்லை' என்ற விளம்பரத்தை நம்பிப் போகிறவர்கள், அன்றைய 22 காரட் கிராம் விலையை வேறு இரண்டு கடைகளிலும் கேட்டுவிட்டுப் போங்கள். இரண்டு பவுன் சங்கிலிக்கு 8 சதவீதச் சேதாரம் என்றால் 1.28 கிராம் தங்கத்தின் விலை. அதை யாரும் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை. கிராம் விலையிலோ செய்கூலியிலோ ஏற்றியிருக்கலாம்.

கல் வைத்த நகையில்தான் கூடுதல் கவனம் வேண்டும். மொத்த எடை 20 கிராம், அதில் கல் 3 கிராம் என்றால், தங்க விலை 17 கிராமுக்கு மட்டுமே. கல்லுக்குத் தனி விலை. நிகர எடையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். காபி கொடுத்தார்களே என்று தயங்க வேண்டாம். உழைத்துச் சேர்த்த பணம் உங்களுடையது.

நகையில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 22 காரட் தூய்மையைக் காட்டும் 22கே916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாள எண் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அந்த ஆறு இலக்கத்தை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் கடையிலேயே சரிபாருங்கள்.

பில் வேண்டாமென்றால் 3 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்க அந்தப் பில்தான் உங்கள் சான்று.